நாரில்லாத சரம்

பெரியம்மாவுக்கு வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, ஓர் உருண்டை இருந்தது. சுண்டைக்காய் அளவில் தொடங்கி ஏழெட்டு வருடத்தில் பெருநெல்லி அளவுக்கு வந்திருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. கொழுப்புக்கட்டி என்று வீட்டில் எல்லோருமாக முடிவுகட்டிவிட்டோம். நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டிப் பிழைக்கும் கை அது. ஒரு நாளைக்கு எத்தனை முழம் என்பதைத் தாண்டி வேறு கணக்கு அந்தக் கைக்குத் தெரியாது.

ஒரே ஒரு தொந்தரவு. வளையல் வழுக்கி மேலேறி அந்த உருண்டையில் இடித்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் சுரீரென்று ஏதோ பாயும். "கரண்டு அடிச்ச மாதிரி இருக்குய்யா" என்பார். இடிபட்ட இடம் ஒன்று, மின்னுவது வேறோர் இடத்தில். கட்டி தன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

மதுரையில் ஒரு கை அறுவை மருத்துவரிடம் கடைசியில் அழைத்துப் போனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. உருண்டையை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளினார், நகர்ந்தது. முழங்கைப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் தள்ளினார், அசையவில்லை. பிறகு நடுவிரல் நுனியால் அதன்மேல் லேசாகத் தட்டினார். பெரியம்மா கையை உதறிக்கொண்டார்.

"எந்த விரலுக்கும்மா போச்சு?"

"இந்த மூணுக்குந்தான்."

"சுண்டு விரலுக்கு?"

"இல்லீங்க."

"உடம்புல எங்கயாவது தேமல் மாதிரி, தொட்டா உணர்ச்சி இல்லாத படை இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"இது கொழுப்பு இல்லம்மா. நரம்புல வந்திருக்கிற கட்டி. கேன்சர் மாதிரி தெரியல. ஆனா கண்டவங்க கையில கத்தியக் குடுத்துராதீங்க."

அந்த ஐந்து நிமிடச் சோதனையில் எவ்வளவு அறிவு அடங்கியிருந்தது என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சைப் பக்கவாட்டில் ஆட்டலாம், கயிறும் சேர்ந்து ஆடும். கயிறு ஓடும் திசையில் தள்ளினால் நகராது. இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கின்றன. கொழுப்புக்கட்டி அப்படியில்லை, நாலாபக்கமும் வழுக்கும். தட்டிப் பார்த்ததற்கோ ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. 1915-ல், முதல் உலகப் போரின் நடுவில், நரம்பு அறுந்த சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் ஒரே செய்தியை எழுதினார்கள். பிரெஞ்சுப் பக்கம் ஜூல் டினெல், ஜெர்மன் பக்கம் பால் ஹாஃப்மன். காயத்துக்குக் கீழே நரம்பின் வழியில் தட்டிக்கொண்டே போனால், புதிதாக வளர்ந்துவரும் நரம்பிழைகளின் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே தட்டும்போது விரல்நுனியில் சுர்ரென்கிறது என்றார்கள். குண்டுகள் பறந்த எல்லைக்கோட்டின் இரு புறமும் ஒரே ஆண்டில் ஒரே கண்டுபிடிப்பு. இன்று நரம்புக் கட்டியைச் சந்தேகிக்கும் மருத்துவரும் செய்வது அந்தத் தட்டலைத்தான்.

நரம்பு என்ற சொல்லாலேயே நம் ஊரில் ஒரு குழப்பம் வருகிறது. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது இரத்தக்குழாய். காலில் நீலமாகச் சுருண்டிருப்பதை நரம்புச் சுருட்டல் என்கிறோம், அதுவும் இரத்தக்குழாய்தான். "நரம்பில் கட்டி" என்றதும் பெரியம்மா நினைத்தது இரத்தம் கட்டிவிட்டது என்று. பழந்தமிழில் நரம்பு யாழின் தந்தியையும் குறித்தது. மருத்துவர் சொல்லும் நரம்புக்கு நெருக்கமாக வருவது அந்தத் தந்திதான்: மீட்டினால் செய்தி ஓடும் இழை.

பூக்கட்டுகிறவர் வீட்டில் நரம்பின் உள்ளமைப்பை விளக்குவது எளிது. வாழைமட்டையிலிருந்து உரித்து, ஈரம் காயாமல் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கும் நார்க்கற்றையைப் பாருங்கள். ஒரு கற்றைக்குள் பல பிரி. ஒரு பிரிக்குள் பல இழை. முன்கையில் ஓடும் மீடியன் நரம்பும் அப்படித்தான். வெளியே ஒரு பொது உறை, உள்ளே தனித்தனி உறையோடு பல பிரிகள், ஒவ்வொரு பிரிக்குள்ளும் ஆயிரக்கணக்கில் நரம்பிழைகள். ஒரு பிரி கட்டைவிரல் தசைக்குப் போகிறது, இன்னொன்று ஆள்காட்டி விரலின் தோலுக்கு. ஒவ்வொரு இழையும் முதுகுத்தண்டிலோ அதன் ஓரத்திலோ இருக்கும் ஒரு செல்லிலிருந்து புறப்பட்டு, அறுபடாமல் விரல்நுனி வரை வருகிறது. காலில் ஒரு தனி இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். ஒரே செல்லின் வால் அது.

அந்த இழை தனியாக இருப்பதில்லை. நெடுகிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேறொரு வகைச் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை முதலில் விவரித்தவர் தியோடர் ஷ்வான். ரைன் ஆற்றங்கரையிலுள்ள நாய்ஸ் நகரில் 1810-ல் பிறந்தவர். இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினை 1836-ல் கண்டறிந்தார். விலங்குடல் முழுவதும் செல்களால் ஆனது என்று 1839-ல் நூலாக எழுதி உயிரியலையே திருப்பிப்போட்டார். இத்தனையும் முப்பது வயதுக்குள். நரம்பின் உறைச் செல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான்: ஷ்வான் செல்.

ஷ்வான் செல் செய்யும் வேலை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. தடித்த இழை ஒன்றை அது தேர்ந்துகொண்டால், தன் உடம்பையே பாய் சுருட்டுவதுபோல அதன்மேல் சுற்றிக்கொண்டே போகும். பத்து, இருபது, ஐம்பது சுற்று. சுற்றச் சுற்ற உள்ளிருக்கும் சாறு பிதுங்கி வெளியேறி, கொழுப்பு மிகுந்த சவ்வு அடுக்கு மட்டும் மிஞ்சும். அதுதான் மயலின் உறை. ஒரு செல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளத்தை மூடுகிறது. அடுத்த செல்லுக்கும் அதற்கும் நடுவே பொட்டளவு இடைவெளி. மின்துடிப்பு அந்த இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போவதால் நொடிக்கு நூறு மீட்டர் வரை ஓட முடிகிறது. மெல்லிய இழைகளுக்கு இந்தச் சுருட்டல் கிடையாது. ஒரு ஷ்வான் செல் பல மெல்லிழைகளைத் தன் மடிப்புகளில் இடுக்கிக்கொண்டு பாதுகாக்கும். அவற்றில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், நாம் நடக்கும் வேகத்தில் போகும். கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் கூர்மையாக ஒரு வலி, ஒரு கணம் கழித்து விண்விண்ணென்று இன்னொரு வலி வருகிறதல்லவா? உறையுள்ள இழையின் செய்தியும் உறையற்ற இழையின் செய்தியும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதுதான் அது.

நரம்பு அறுந்தால் இந்தச் செல்கள் இன்னொரு முகம் காட்டும். சுற்றியிருந்த மயலினைத் தாங்களே அவிழ்த்துத் தின்று செரித்துவிட்டு, குழந்தைச் செல்போல மாறிப் பல்கிப் பெருகும். அறுந்த பாதையில் வரிசைகட்டி நின்று, மேலிருந்து வளர்ந்துவரும் புது இழைக்கு வழிகாட்டும். இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வந்து சேர்ந்ததும் பெருக்கத்தை நிறுத்திவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். மூளையிலும் முதுகுத்தண்டிலும் இழைகளுக்கு உறை போடுவது வேறு வகைச் செல். அங்கே அறுந்தது வளராததற்கும் கையில் அறுந்தது வளர்வதற்கும் உள்ள வேறுபாட்டில் ஷ்வான் செல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

தேவைப்படும்போது பெருகவும், வேலை முடிந்ததும் அடங்கவும் தெரிந்த செல் இது. அடங்கும் அறிவு போய்விட்டால் என்ன ஆகும்? பெரியம்மாவின் கையிலிருந்த பெருநெல்லிதான் ஆகும்.

செல்கள் தொடுவுணர்ச்சி கொண்டவை. பக்கத்துச் செல்லின்மீது முட்டினால் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆறிய காயம் எல்லாம் கட்டியாகியிருக்கும். ஷ்வான் செல்லில் இந்த "போதும், நிறுத்து" என்ற செய்தியை உள்ளே கொண்டுபோகும் புரதத்தை 1993-ல் கண்டுபிடித்தார்கள். 22-வது குரோமோசோமில் இருக்கும் என்.எஃப்.2 என்ற மரபணு அதை உண்டாக்குகிறது. புரதத்தின் பெயர் மெர்லின். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அம்மா வழியாக ஒன்று, அப்பா வழியாக ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். ஏதோ ஒரு ஷ்வான் செல்லில், வாழ்நாளின் ஏதோ ஒரு தருணத்தில், இரண்டுமே கெட்டுப்போனால் அந்தச் செல்லுக்கு அண்டை வீட்டுக்காரர் தெரியாமல் போய்விடும். இரண்டாகும், நான்காகும். ஆனாலும் அது புற்றுநோய்ச் செல்லாகிவிடவில்லை. உறையைக் கிழித்துக்கொண்டு பரவாது, இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகாது. வீட்டுச் சுவருக்குள்ளேயே மெதுவாகப் பெருத்துக்கொண்டிருக்கும். இதற்கு ஷ்வான்னோமா என்று பெயர். இப்படித் தனியாக வருகிற ஷ்வான்னோமாக்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுதான் பழுதாகியிருக்கிறது. சாப்பாட்டாலோ, வேலையாலோ, கண்ணேறு பட்டதாலோ வந்ததில்லை. பெரியம்மா இதைக் கேட்டுப் பெரிய மூச்சு விட்டார். நார் இழுத்து இழுத்துத்தான் வந்தது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாராம்.

நரம்புறைக் கட்டிகளில் இன்னொரு பெரிய வகை நியூரோஃபைப்ரோமா. பெயரைவிட இரண்டுக்கும் உள்ள இட வேறுபாட்டைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் சிகிச்சை முழுவதும் அதில்தான் நிற்கிறது. ஷ்வான்னோமா பொதுவாக ஒரே ஒரு சிறு பிரியில் தோன்றி, தனக்கென ஒரு பளபளப்பான உறையோடு வளரும். மற்றப் பிரிகள் அதன்மேல் விரிந்து, ஒதுங்கி ஓடும். கட்டிக்குள் நரம்பிழை பெரும்பாலும் இருக்காது. நியூரோஃபைப்ரோமா அப்படியில்லை. அங்கேயும் பிறழ்ந்தது ஷ்வான் செல்தான் என்றாலும், அது நார்த்திசுச் செல்களையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மாஸ்ட் செல்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறது. நரம்பிழைகள் அந்தக் கூட்டத்தின் நடுவே புகுந்து ஓடும். முதலாவதைப் பலாக்கொட்டையின் மேல்தோலைக் கீறிக் கொட்டையைப் பிதுக்குவதுபோல எடுத்துவிடலாம். இரண்டாவது, மாவில் பிசைந்துவிட்ட நூலைப் பிரிக்கும் வேலை. பெரினியூரியோமா என்று மூன்றாவதும் உண்டு; மிக அரிது, இங்கே அதற்குள் போகவில்லை.

தோலில் மருபோல ஒன்றிரண்டு நியூரோஃபைப்ரோமா யாருக்கும் வரலாம். நிறைய வந்தால்தான் வேறு கேள்வி எழும். 1882-ல் ஸ்ட்ராஸ்பர்கில் ஃப்ரீட்ரிச் ஃபான் ரெக்லிங்ஹௌஸன் என்ற நோய்க்கூறியலாளர் இப்படி உடலெங்கும் கட்டிகள் உள்ளவர்களை ஆராய்ந்து, இவை நரம்பில் தோன்றியவை என்று காட்டினார். இன்று அதை நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்கிறோம். ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, அதாவது அவ்வளவு அரிதொன்றும் இல்லை. குழந்தைப் பருவத்திலேயே தோலில் பால்காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் தோன்றும். அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆறு திட்டுகள் அல்லது அதற்கு மேல் ஒரு குழந்தையிடம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோல் திட்டுக்கும் நரம்புக் கட்டிக்கும் என்ன உறவு? கருவில் முதுகோரம் தோன்றி உடலெங்கும் நடந்துபோகும் ஒரே செல்கூட்டத்திலிருந்துதான் தோலுக்கு நிறம் தரும் செல்லும் வருகிறது, ஷ்வான் செல்லும் வருகிறது. பங்காளிகள்.

இந்த நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் நோய் இருக்காது. மரபணுப் பிழை அவர்களிடமே புதிதாக நேர்ந்தது. "உங்கள் வம்சத்தில் என்ன குறை" என்று ஒரு தாயைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்னொரு கொடுமையும் நடந்தது. லண்டனில் "யானை மனிதன்" என்று காட்சிப்பொருளாக்கப்பட்ட ஜோசப் மெரிக்குக்கு இந்த நோய்தான் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அவர் படத்தைப் பார்த்து எத்தனையோ பெற்றோர் நடுங்கினார்கள். 1986-ல் இரண்டு ஆய்வாளர்கள் அவருக்கு இருந்தது புரோட்டியஸ் நோய்க்குறி என்ற முற்றிலும் வேறான ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டினார்கள்.

நரம்புறைக் கட்டிகளிலேயே வரலாறு நீண்டது காதின் நரம்பில் வரும் ஷ்வான்னோமா. மூளையிலிருந்து காதுக்குப் போகும் எட்டாம் நரம்பில் இரு பகுதி: ஒன்று கேட்பதற்கு, ஒன்று உடம்பு தள்ளாடாமல் நிற்பதற்கு. கட்டி பெரும்பாலும் இரண்டாவதில்தான் முளைக்கிறது, ஆனால் நெருக்கப்பட்டு முதலில் அழுவது கேட்கும் பகுதி. தலைசுற்றிப் போட வேண்டிய இடத்தில் அவ்வளவாகச் சுற்றாததற்குக் காரணம் உண்டு. கட்டி மிக மெதுவாக வளர்வதால் மூளை மறுபக்கத்துக் காதை நம்பி நிற்கப் பழகிக்கொள்கிறது. அதனால் நோயாளி சொல்வது சின்னச் சின்னச் செய்திகளாக இருக்கும். போனை எப்போதும் இடது காதில் வைப்பவர் எப்போதிருந்தோ வலது காதுக்கு மாற்றியிருப்பார். ஒரு காதில் மட்டும் சில்வண்டு இரைச்சல் கேட்கும். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்பார். ஒற்றைக் காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. வயது இரண்டு காதுக்கும் சேர்ந்துதான் ஆகிறது.

இந்தக் கட்டியைப் பிணப் பரிசோதனையில் பார்த்து 1777-லேயே எழுதியவர் லெய்டனில் இருந்த எட்வர்ட் சாண்டிஃபோர்ட். உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதை எடுக்கத் துணிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆரம்பகால அறுவையில் மாண்டவர்களே மிகுதி. மூளைத்தண்டை ஒட்டிய இடம் அது. விரலை விட்டுத் துழாவி எடுத்த காலம். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் 1917-ல் இந்தக் கட்டியைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். முழுவதையும் பிடுங்க முயலாதே, உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் சுரண்டி எடு என்பது அவர் முறை. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் மிச்சம் மறுபடி வளர்ந்தது. அவரிடம் பயின்ற வால்டர் டாண்டி உறையையும் சேர்த்து எடுத்துக் காட்டினார். கட்டி போயிற்று, பலருக்கு முகமும் கோணிற்று, ஏனென்றால் முகத் தசைகளுக்குப் போகும் ஏழாம் நரம்பு அந்தக் கட்டியின்மேல் நாடாபோலத் தட்டையாகிப் படிந்திருக்கும். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் காதெலும்பு வழியாக, நுண்ணோக்கியின் கீழ், பல்மருத்துவர் துளைக்கருவியால் குடைந்து போனார். அப்போதுதான் உயிரைக் காப்பது மட்டும் போதாது, சிரிப்பையும் காக்கலாம் என்ற காலம் பிறந்தது. இன்று நல்ல மையங்களில் இந்த அறுவையில் இறப்பவர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

கத்தியில்லாத வழியும் வந்தது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1951-ல் ஒரு யோசனை சொன்னார்: தனித்தனியே பலவீனமான பல கதிர்களைப் பல திசையிலிருந்து அனுப்பி, அவை ஒரே புள்ளியில் சந்திக்கும்படி செய்தால் அந்தப் புள்ளி மட்டும் சுடப்படும். 1968-ல் அது காமா நைஃப் என்ற கருவியாயிற்று. இன்றைய கருவியில் சுமார் 200 கோபால்ட் மூலங்கள். பெரும்பாலும் ஒரே நாள் வேலை. கட்டி மறைந்துவிடாது, வளர்ச்சி நின்றுவிடும், பல சமயம் சற்றுச் சுருங்கும். சிறிய கட்டிக்கு மூன்றாவது வழி, காத்திருப்பது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பலவற்றின் வளர்ச்சி. சில வளர்வதே இல்லை. ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டு இயல்பாக வாழ்பவர்கள் ஏராளம். கட்டியோடு வாழச் சொல்கிறாரே மருத்துவர் என்று குடும்பம் கோபப்படுவதுண்டு. அது கைவிடல் இல்லை. அறுவையால் போகக்கூடிய காதைக் கட்டி பறிக்கும் வரையாவது வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பிறவியிலேயே என்.எஃப்.2 மரபணுவின் ஒரு பிரதி கெட்டுப்போனவர்களுக்கு இரண்டு காதின் நரம்பிலும் கட்டி வரும். சுமார் 25,000 பேரில் ஒருவர். அவர்களுக்காகத்தான் ஹவுஸும் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் 1979-ல், அழிந்துபோன கேள்நரம்பைத் தாண்டி நேராக மூளைத்தண்டிலேயே மின்முனையைப் பதித்துச் சத்தத்தைக் கொண்டுசேர்த்தார்கள்.

மருந்தும் வராமல் இல்லை. முதல் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸில் சில குழந்தைகளுக்கு நரம்புகள் நெடுகக் கட்டி படர்ந்து, ஆலவேர் பின்னியதுபோலப் பிணைந்து நிற்கும். கத்தியால் முழுவதும் எடுக்கவே முடியாது. நோயின் மரபணு 1990-ல் அடையாளம் காணப்பட்டது. அதன் புரதம் செல்லுக்குள் ராஸ் என்ற சுவிட்சை அணைத்து வைப்பது. அது இல்லாவிட்டால் சுவிட்ச் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவிட்சிலிருந்து போகும் கம்பியைச் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் துண்டிக்கும் செலுமெடினிப் என்ற மருந்து 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதனையில் பத்துக் குழந்தைகளில் ஏழு பேருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியது. ஐந்தில் ஒரு பங்கு என்பது கேட்கச் சிறிது. மூச்சுக்குழாயை அழுத்தும் கட்டிக்கு அது மூச்சு.

பெரியம்மாவின் கைக்குத் திரும்புகிறேன். மருத்துவர் தேமலைப் பற்றி ஏன் கேட்டார் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் நாட்டில் நரம்பு தடித்தால் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய். அதன் கிருமி குடியேறும் இடமே ஷ்வான் செல்தான். நரம்பில் சீழ் கட்டி உருண்டையாக நின்றால் பார்க்கக் கட்டிபோலவே இருக்கும். ஷ்வான் செல்லை மறுபடி குழந்தைச் செல்லாக மாற்றும் வித்தைகூட அந்தக் கிருமிக்குத் தெரியும் என்று 2013-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலியின் செல்களில் காட்டினார்கள். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் கலையை 1940களின் இறுதியில் வேலூரில் தொடங்கியவர் பால் பிராண்ட். தமிழ்நாட்டுக் கை மருத்துவர்களிடம் அந்தக் கேள்வி பாரம்பரியமாக வருகிறது.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி நூல் நூற்கும் கதிரின் வடிவில் இருந்தது, இரண்டு முனையிலும் வால்போல நரம்பு தொடர்ந்தது. ஊசியால் குத்தித் திசு எடுக்கவில்லை. நரம்புக் கட்டியில் ஊசி குத்தினால் உயிர்போகும் வலி, உள்ளே தழும்பும் விழும், பின்னால் பிரித்தெடுப்பது சிக்கலாகும். வேகமாகப் பெருத்தாலோ, இரவில் சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, விரல் பலமிழந்தாலோ, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ கதை வேறு. அப்போது புற்றாக இருக்குமோ என்று திசுவைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யவே கூடாது, அவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரக்கூடும்.

அறுவையை மருத்துவர் பிறகு எனக்குப் படம் வரைந்து காட்டினார். கையில் இரத்தம் ஓடாமல் பட்டை கட்டி, தோலை நீளவாக்கில் திறந்து, நுண்ணோக்கியை மேலே கொண்டுவந்தார்களாம். மீடியன் நரம்பு மேலிருந்து வெண்தந்தமாக இறங்கி வந்து, ஓரிடத்தில் பானைபோல வயிறு தள்ளி, கீழே மறுபடி பழைய தடிமனுக்குப் போயிருந்தது. பானையின்மேல் பிரிகள் விரிந்து கிடந்தன. மெல்லிய மின்முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டைவிரல் துடித்தால் அது தொடக் கூடாத பிரி. எங்கே தொட்டும் எதுவும் துடிக்காத ஓர் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும், நரம்போடு இணையாகக் கீறினார்கள். குறுக்கே ஒரு வெட்டும் கிடையாது. வெங்காயச் சருகுபோல ஒரு படலம், அடுத்த படலம், அடுத்தது. கடைசியில் மஞ்சளும் சாம்பலும் கலந்து பளபளக்கும் முத்துப்போன்ற பரப்பு தெரிந்தது. அதை ஒட்டியே சுற்றி விலக்கிக்கொண்டு போனதும் கட்டி முழுதாக எழும்பி வந்தது. மேல்முனையில் நுழைந்து கீழ்முனையில் வெளியேறிய தலைமுடி கனப் பிரி ஒன்றே ஒன்றை வெட்டினார்கள். அதைத் தொட்டால் எந்த விரலும் அசையவில்லை.

"கட்டிய எடுக்கறது அரை மணி நேரம்கூட இல்ல சார். எதை எடுக்கக் கூடாதுன்னு கண்டுபிடிக்கத்தான் மிச்ச நேரம்" என்றார். கொழுப்புக்கட்டி என்றோ நெறிக்கட்டி என்றோ நினைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பத்து நிமிடத்தில் கட்டியோடு நரம்பையும் சேர்த்து அரிந்தெடுத்துவிட்ட பிறகு தன்னிடம் வருபவர்களைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் தணிந்தது. காலிலிருந்து நரம்பை எடுத்து ஒட்டுப்போட்டாலும் பழைய கை முழுதாகத் திரும்பாது.

பெரியம்மாவுக்கு ஆள்காட்டி விரல் நுனி மட்டும் சில வாரம் மரத்திருந்தது. நாரின் முடிச்சு இறுகியதா என்று விரல் சொல்லாததால் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டினார். பாதி முழம்தான் ஓடும். மூன்றாவது மாதம் பேசிக்கொண்டே, வாசலில் போகிறவரை விசாரித்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் கட்டினார்.

திசுப் பரிசோதனை அறிக்கை வந்தபோது நுண்ணோக்கிப் படத்தையும் மருத்துவர் போனில் அனுப்பியிருந்தார். ஷ்வான்னோமாதான். அதில் ஓரிடத்தை வட்டமிட்டு "வெரோகே உருவம்" என்று எழுதியிருந்தார். உருகுவேயில் பிறந்து பிராகா நகரில் வேலை பார்த்த ஹோசே வெரோகே 1910-ல் விவரித்தது அது. செல்களின் கருக்கள் ஊதாமொட்டுகளாக இரண்டு வரிசையில் நெருக்கமாக அணிவகுத்திருக்கும். இரு வரிசைக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு வெற்றுத் தடம்.

பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நெருக்கமாக் கட்டுன சரம் மாதிரியே இருக்கு" என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, நடுவிலிருந்த வெற்றிடத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். "ரெண்டு பக்கமும் மொட்டு வச்சிருக்கான். நடுவுல நாரக் காணமேய்யா?"